ஏமாந்த இடம் எது? திருப்பத்தில் முடியும் கதைகளைத் திரும்பப் படிக்க ஒரு வழிகாட்டி

கடைசி வரியில் கதை தலைகீழாகிறது. ‘அடடா!’ என்கிறோம். வாரப் பத்திரிகைகளின் ஒரு பக்கக் கதைகளைப் படித்து வளர்ந்த நமக்கு அந்த ‘அடடா’வோடு பக்கத்தைப் புரட்டிவிடுவதுதான் பழக்கம். பலகாரம் தீர்ந்த பிறகு யாராவது பொட்டலக் காகிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களா? நான் உட்காருவேன். சில கதைகளில் சுவையே அங்கேதான் இருக்கிறது.

இப்படிப்பட்ட கதையை எப்படித் திரும்பப் படிப்பது, ஆசிரியர் நம்மை எந்த இடத்தில் திசைதிருப்பினார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஒரு பென்சிலும் ஒரு தாளும் போதும். பழகுவதற்கு ஐந்து கதைகள்: மாப்பசானின் ‘நெக்லஸ்’ (1884), ஆம்ப்ரோஸ் பியர்ஸின் ‘ஆந்தை ஓடைப் பாலத்தில் ஒரு சம்பவம்’ (1890), கேட் ஷோப்பனின் ‘ஒரு மணி நேரத்தின் கதை’ (1894), ஓ ஹென்றியின் ‘இருபது வருடங்களுக்குப் பிறகு’, சாகியின் ‘திறந்த ஜன்னல்’. கடைசி இரண்டும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவை. ஐந்துக்குமே காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. இணையத்தில் ஆங்கிலத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஷோப்பனின் கதை ஏறக்குறைய ஆயிரம் சொற்கள்தான். காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. கீழே எல்லா முடிவுகளையும் போட்டு உடைக்கப் போகிறேன். இவற்றைப் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்தி, கதைகளைப் படித்துவிட்டு வாருங்கள். முதல் வாசிப்பு ஒருமுறைதான் கிடைக்கும். அதை என் கட்டுரைக்காக வீணாக்க வேண்டாம்.

முதல் படி: பென்சிலைத் தொடாமல் ஒருமுறை

‘இதில் திருப்பம் இருக்கிறதாம்’ என்று தெரிந்த உடனே துப்பறியத் தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள். நன்றாக ஏமாந்தால்தான் எங்கே ஏமாந்தோம் என்று பின்னால் பார்க்க முடியும்.

இரண்டாம் படி: நம்பியதை எழுதுங்கள், சொன்னது யார் என்று தேடுங்கள்

படித்து முடித்த சூட்டோடு தாளில் இரண்டு வரி எழுத வேண்டும். கடைசி வரி வரை நான் எதை நம்பிக்கொண்டிருந்தேன்? அதை எனக்குச் சொன்னது யார்?

இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ‘நெக்லஸ்’ கதையையே எடுத்துக்கொள்வோம். மத்தில்த் லுவாசேல் ஒரு குமாஸ்தாவின் மனைவி. கணவனுக்குக் கல்வி அமைச்சகத்தில் வேலை. அமைச்சர் வீட்டு விருந்துக்கு அழைப்பு வருகிறது. புது உடை தைத்தாகிவிட்டது, கழுத்தில் போட நகை இல்லை. பணக்காரத் தோழி மதாம் ஃபொரெஸ்தியேயிடம் வைர நெக்லஸ் ஒன்றை இரவல் வாங்குகிறாள். விருந்து முடிந்து திரும்பும்போது தொலைத்துவிடுகிறாள். தோழியிடம் சொல்லாமல், அதே போன்ற நெக்லஸை 36,000 பிராங்குக்கு வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, பத்து வருடம் பாத்திரம் தேய்த்துத் தண்ணீர் சுமந்து கடனை அடைக்கிறார்கள். ஒரு நாள் தெருவில் தோழியைப் பார்த்து உண்மையைச் சொன்னால், அவள் பதறுகிறாள்: என்னுடையது போலியாயிற்றே, மிஞ்சிப்போனால் 500 பிராங்குதான் பெறும்!

நம்பியது: அது வைரம். சொன்னது யார்?

தோழி சொல்லவில்லை. கதையைப் புரட்டிப் பாருங்கள், இரவல் கொடுக்கும் இடத்தில் அவள் வாயிலிருந்து ‘வைரம்’ என்ற சொல்லே வராது. ‘இதைத் தருவாயா, இதை மட்டும்?’ என்று கேட்டதும் ‘ஓ, தாராளமாக’ என்கிறாள், அவ்வளவுதான். ‘பத்திரம்’ என்றுகூடச் சொல்லவில்லை. முதல் வாசிப்பில் இது பணக்காரத் தோழியின் பெருந்தன்மையாகத் தெரியும். இரண்டாவது வாசிப்பில் 500 பிராங்கு நகையைக் கொடுப்பவளின் அலட்சியமாகத் தெரியும்.

கதைசொல்லி சொல்கிறார், உண்மைதான். ஆனால் எப்படி? கறுப்பு சாட்டின் பெட்டிக்குள் அருமையான வைர நெக்லஸ் ஒன்றை அவள் கண்டுபிடித்தாள், அடங்காத ஆசையில் அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது என்கிற மாதிரி வருகிறது அந்த இடம். பார்ப்பது அவள் கண். படபடப்பது அவள் நெஞ்சு. ‘வைரம்’ என்ற சொல் அந்தப் பார்வையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. இதைத்தான் நோக்குநிலை என்கிறோம்: வாக்கியம் கதைசொல்லியுடையது, அதற்குள் இருக்கும் கண் பாத்திரத்துடையது. இதை நேர்மையான ஆட்டம் என்பதா, எல்லைக்கோட்டை மிதித்த ஆட்டம் என்பதா? வாசகர் வட்டங்களில் இதை வைத்து ஒரு மாலைப்பொழுதே சண்டை போடலாம். கோட்டை மிதிக்கவில்லை, உரசிக்கொண்டு போகிறார் என்பது என் கட்சி.

ஏனென்றால் மாப்பசான் நமக்கு வேண்டிய அளவு தடயம் கொடுத்திருக்கிறார். நகை தொலைந்த பிறகு, பெட்டியில் பெயர் பொறித்திருந்த நகைக்கடைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் போகிறார்கள். கடைக்காரர் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, அந்த நெக்லஸை நான் விற்கவில்லை அம்மா, பெட்டி மட்டும்தான் என்னுடையதாக இருக்க வேண்டும் என்கிறார். கதையின் நட்டநடுவில் உண்மையை அப்படியே எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார்! நமக்கு ஏன் உறைக்கவில்லை? அந்த நேரத்தில் நாமும் அவர்களோடு சேர்ந்து கடை கடையாக ஓடிக்கொண்டிருக்கிறோம். ‘அப்படியானால் வேறு எந்தக் கடை?’ என்பதுதான் நம் கவலையும். தடயத்தை அவசரத்துக்கு நடுவே வைப்பது இந்த வகைக் கதைகளின் முதன்மையான உத்தி. பென்சிலால் அந்த வரியைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள்.

அடுத்து எண்கள். உடைக்கு 400 பிராங்கு. கணவன் துப்பாக்கி வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணம் அது. நகைக்குப் பதிலாக ரோஜா வைத்துக்கொள்ளலாமே, 10 பிராங்குக்கு இரண்டு மூன்று கிடைக்குமே என்று அவன் யோசனை சொல்கிறான். அவள் காதில் ஏறவில்லை. அப்பா விட்டுப்போன சொத்து 18,000. புது நெக்லஸ் 36,000, அதாவது சொத்துபோல் சரியாக இரண்டு மடங்கு. கடைசியில் 500. இந்த எண்களைத் தாளில் வரிசையாக எழுதினால் ஒன்று கண்ணில் படும்: நெக்லஸின் உண்மையான விலை, அவள் உடுத்திப் போன உடையின் விலைக்குப் பக்கத்தில் நிற்கிறது. இரண்டும் ஒரே இரவுக்கான வேஷம்தான். பிரெஞ்சு மூலத்தில் கதையின் தலைப்புக்கும் நெக்லஸ் என்று பொருள் இல்லை; அணிகலன், அலங்காரம் என்றுதான் பொருள்.

கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்கும் வழக்கம் நமக்கும் புதிதில்லை. வாங்குகிறவர் ‘இது கவரிங்கா?’ என்று கேட்பாரா? மாட்டார். கொடுப்பவருக்கும் சொல்லத் தோன்றாது. இந்தக் கூச்சத்தின்மேல்தான் கதையே நிற்கிறது. தொலைந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பத்து வருடம் மிச்சம். சொல்லாமல், கொக்கி உடைந்துவிட்டது, சரிசெய்யக் கொடுத்திருக்கிறோம் என்று தோழிக்குக் கடிதம் எழுதுகிறார்கள். அந்தப் பொய்தான் உண்மை வெளிவரும் வாசலை அடைத்த முதல் செங்கல்.

மூன்றாம் படி: இரண்டு பொருள் தரும் பேச்சு

இரண்டாவது வாசிப்பில் உரையாடல்களை மட்டும் தனியாகப் படியுங்கள். காளமேகத்தின் சிலேடை வெண்பாவில் ஒரே சொல் பாம்புக்கும் பொருந்தும், எள்ளுக்கும் பொருந்தும். இரண்டையும் அவரே வெளிப்படையாகச் சொல்லிவிடுவார். இந்தக் கதைகளில் இரண்டாவது பொருள் பூட்டிக் கிடக்கும். சாவி கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

ஓ ஹென்றியின் ‘இருபது வருடங்களுக்குப் பிறகு’ இதற்கு நல்ல பயிற்சி. நியூயார்க், இரவு பத்து மணியை நெருங்கும் நேரம். பூட்டிய கடை வாசலில் பாப் நிற்கிறான். ரோந்து வந்த போலீஸ்காரரிடம், இருபது வருடத்துக்கு முன் இதே இடத்தில் பிரிந்த நண்பன் ஜிம்மி வருவான், அதற்காகக் காத்திருக்கிறேன் என்கிறான். போலீஸ்காரர் போகிறார். கொஞ்ச நேரத்தில் ஒருவன் வந்து ‘நான்தான் ஜிம்மி’ என்கிறான். வெளிச்சத்துக்கு வந்ததும் பாப் அவன் மூக்கைப் பார்த்துவிட்டு இவன் ஜிம்மி இல்லை என்று கண்டுகொள்கிறான். வந்தவன் சாதாரண உடையில் வந்த போலீஸ். உண்மையான ஜிம்மி முதலில் வந்த போலீஸ்காரர். சுருட்டு பற்றவைத்த தீக்குச்சி வெளிச்சத்தில், சிகாகோவில் தேடப்படும் முகம் அது என்று தெரிந்துவிட்டது. தன் கையால் பிடிக்க மனம் வராமல் இன்னொருவரிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்து அனுப்பினார்.

இப்போது போலீஸ்காரரின் பேச்சுக்குத் திரும்புங்கள். கிளம்பும்போது, நேரம் ஆனதும் போய்விடுவாயா, காத்திருப்பாயா என்று விசாரிக்கிறார். முதல் வாசிப்பில் இது போகிறபோக்கில் கேட்கும் உபசாரம். இரண்டாவதில்? இன்னொரு போலீஸைக் கூட்டிவர எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்குப் போடுகிறார். அதைவிட அருமையான இடம், ஜிம்மி நல்லவன்தான், ஆனால் கொஞ்சம் மந்தமாக உழைக்கிற ஆள் என்று பாப் ஜிம்மியின் முகத்தைப் பார்த்தே சொல்வது. அந்த வரியைக் கேட்டுக்கொண்டு அசையாமல் நிற்கும் மனிதரை நினைத்துப் பாருங்கள். கதையின் பாரமெல்லாம் அங்கே இருக்கிறது, முடிவில் வரும் கடிதத்தில் இல்லை.

சாகியின் ‘திறந்த ஜன்னல்’ இன்னும் நுணுக்கம். நரம்புத் தளர்ச்சிக்கு ஓய்வெடுக்கக் கிராமத்துக்கு வந்திருக்கிறார் ஃப்ராம்டன் நட்டல். அக்கா கொடுத்த அறிமுகக் கடிதத்தோடு ஒரு வீட்டுக்குப் போகிறார். அந்த வீட்டம்மாள் இறங்கி வரும்வரை பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி பேச்சுக் கொடுக்கிறாள். அத்தையின் கணவரும் இரண்டு தம்பிகளும் வேட்டைக்குப் போய்ச் சதுப்பில் மூழ்கிவிட்டார்கள், அவர்கள் திரும்பி வருவார்கள் என்று அத்தை இன்றும் அந்த ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறாள் என்கிறாள். சற்று நேரத்தில் மூவரும் நாயோடு அந்த ஜன்னலை நோக்கி நடந்து வருகிறார்கள். நட்டல் தலைதெறிக்க ஓடுகிறார். மூவரும் செத்தவர்கள் அல்ல, காலையில் வேட்டைக்குப் போய்விட்டு வருகிறார்கள்.

பென்சிலோடு திரும்பிப் போனால், பெண் கதைவிடும் முன் இரண்டு கேள்வி கேட்டிருப்பது தெரியும். இந்தப் பக்கத்தில் உங்களுக்கு நிறையப் பேரைத் தெரியுமா? அப்படியானால் அத்தையைப் பற்றி எதுவும் தெரியாது, இல்லையா? சின்னப் பெண்ணின் பேச்சுத் துணை மாதிரி இருக்கிறது; அவள் குழி தோண்ட மண் சோதிக்கிறாள். அக்கா இந்த ஊரில் இருந்தது நான்கு வருடத்துக்கு முன் என்று நட்டல் வாயைவிடுகிறார். உடனே அவள் சொல்லும் துயரம் மூன்று வருடத்துக்கு முன் நடந்ததாகிவிடுகிறது! உங்கள் அக்கா போன பிறகுதான் என்று அவளே சேர்த்துக்கொள்கிறாள். நான்கு, மூன்று இரண்டையும் வட்டம் போட்டு ஒரு கோட்டால் இணையுங்கள். அதற்கு நடுவே கதைசொல்லி ஒரு உதவியும் செய்கிறார்: இந்த அறையில் ஆண்கள் புழங்குகிற சாயல் ஏதோ இருக்கிறதே என்று நட்டலுக்குத் தோன்றியதாகச் சொல்கிறார். உண்மை அவருக்கே உறைக்கத்தான் செய்தது. பெண் பேச ஆரம்பித்ததும் அது மறந்துபோயிற்று, நமக்கும்தான்.

பெண்ணின் பெயர் வேரா. லத்தீனில் அதற்கு உண்மை என்று பொருள். சாகிக்கு இந்தக் குசும்பு உண்டு.

நான்காம் படி: யாருக்கு என்ன தெரியும்?

தாளில் கட்டம் போடுங்கள். மேலே பாத்திரங்களின் பெயர். ஒரு கட்டம் வாசகருக்கு. கீழே ஒவ்வொரு காட்சியாக, யாருக்கு உண்மை தெரியும் என்று டிக் அடித்துக்கொண்டே வாருங்கள். முரண் என்பதன் வகைகளை மனப்பாடம் செய்வதைவிட இந்தக் கட்டம் நன்றாகச் சொல்லிக்கொடுக்கும். வாசகர் கட்டம் கடைசிவரை காலியாக இருந்து முடிவில் நிரம்பினால் சூழல் முரண்: நடக்கும் என்று நினைத்தது ஒன்று, நடந்தது வேறு. வாசகர் கட்டத்தில் டிக் இருந்து பாத்திரத்தின் கட்டம் காலியாக இருந்தால் நாடக முரண்.

ஷோப்பனின் கதையில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். இதயக் கோளாறு உள்ள திருமதி மாலர்டிடம், கணவர் ரயில் விபத்தில் இறந்த செய்தியைப் பக்குவமாகச் சொல்கிறார்கள். அழுகிறாள். தனியறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஜன்னலுக்கு வெளியே வசந்தகாலம். மெல்ல மெல்ல, தனக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றுகிறது. அந்த மகிழ்ச்சியோடு கீழே இறங்கி வரும்போது வாசற்கதவைத் திறந்துகொண்டு கணவர் நுழைகிறார். விபத்து நடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அவர் இல்லை. அவள் விழுந்து இறக்கிறாள். மகிழ்ச்சி தாங்காமல் இதயம் நின்றது என்கிறார்கள் மருத்துவர்கள்.

கணவர் உயிரோடு இருப்பது நமக்கும் தெரியாது. அது சூழல் முரண். மருத்துவர்களின் முடிவு தப்பு என்பது நமக்கு மட்டும் தெரியும். அது நாடக முரண். அந்த அறைக்குள் நடந்ததற்குச் சாட்சி இறந்தவளும் நாமும்தான். இதயக் கோளாறு என்ற தகவல் எங்கே வருகிறது என்றும் பாருங்கள்: கதையின் முதல் வாக்கியத்திலேயே. செய்தியைப் பக்குவமாகச் சொல்வதற்கான காரணமாக வருவதால் அதைத் தடயமாக நினைக்கவே தோன்றாது. ஒரு தகவலுக்கு வேறு ஒரு வேலை கொடுத்துவிட்டால் அது கண்ணுக்கு மறைந்துவிடும். முன்குறிப்பு வைப்பதில் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஐந்தாம் படி: கடிகாரத்தைப் பாருங்கள்

கதைக்குள் ஓடும் நேரத்துக்கும் நாம் படிக்கும் நேரத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா? பியர்ஸின் கதையில் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஒருவனை ரயில் பாலத்தில் தூக்கிலிடுகிறார்கள். கயிறு அறுந்து ஆற்றில் விழுகிறான், தோட்டாக்களுக்குத் தப்பி நீந்துகிறான், காட்டு வழியே நடந்து வீட்டு வாசலை அடைகிறான், மனைவியை அணைக்கப் போகிறான். பிடரியில் பளீரென ஓர் அடி. அவன் கழுத்து முறிந்து பாலத்தடியில் ஆடிக்கொண்டிருக்கிறான். தப்பித்தது முழுவதும் விழுந்து சாகும் கண இடைவெளியில் மனம் கண்டது.

கதை மூன்று பகுதி. மூன்றாவது பகுதியின் முதல் வாக்கியத்தில், அவன் நினைவிழந்து ஏற்கெனவே செத்தவன் போலானான் என்று பியர்ஸ் எழுதிவிடுகிறார்! முதல் பகுதியில் சம்மட்டி அடிபோல் கேட்ட சத்தம் அவன் கடிகாரத்தின் டிக்டிக் என்றும் சொல்கிறார்: இவனுக்குள் நேரம் நீள ஆரம்பித்துவிட்டது என்பதற்கான அறிவிப்பு அது. காட்டில் கால் தரையில் படுவதே தெரியவில்லை, கழுத்து வலிக்கிறது, நாக்கு வீங்கியிருக்கிறது. எல்லாம் தூக்குக்கயிற்றில் இருப்பவனின் உடல்.

ஆறாம் படி: முடிவைக் கிழித்துவிட்டுப் பாருங்கள்

இனி உங்கள் தீர்ப்பு. கடைசிப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு, மிச்சம் இருப்பது கதையாக நிற்கிறதா என்று பாருங்கள். ‘நெக்லஸ்’ நிற்கும், ஒரு நகைக்காகப் பத்து வருடம் தேய்ந்துபோன பெண்ணின் கதையாக. ஷோப்பனும் நிற்கும். சாகியில் நிற்காது, ஆனால் அது ஒரு விளையாட்டு, நிற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஓ ஹென்றி எழுதியவற்றில் நிறைய, என் கணக்கில், நிற்காது. தற்செயலை அவர் தாராளமாகச் செலவழிப்பவர். அவருடைய புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் கதையில் மனைவி கணவனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்கத் தன் கூந்தலை விற்கிறாள். கணவன் அவள் கூந்தலுக்குச் சீப்பு வாங்கக் கடிகாரத்தை விற்கிறான். இரண்டும் ஒரே நாளில்! ஆனாலும் அந்தக் கதையை மன்னித்துவிடுவேன். அதில் திருப்பம் அவர்கள் அன்புக்குச் சாட்சி சொல்கிறது. (அதன் முதல் வரியில் அவளிடம் இருப்பது 1 டாலர் 87 சென்ட், அதில் 60 சென்ட் ஒரு சென்ட் காசுகளாக. மிச்சம் 1.27 டாலரை ஐந்து, பத்து, இருபத்தைந்து சென்ட் காசுகளில் எப்படிச் சேர்ப்பது என்று யோசித்துப் பாருங்கள். பென்சிலோடு படிப்பவர்களுக்கு இப்படிச் சில்லறைச் சந்தோஷங்களும் உண்டு.)

ஷெர்லி ஜாக்சனின் ‘லாட்டரி’ 1948 ஜூன் மாதம் நியூயார்க்கர் இதழில் வந்தபோது, கோபமும் குழப்பமுமாக வாசகர் கடிதங்கள் குவிந்தன. கிராமமே கூடிச் சீட்டு எடுத்து, சீட்டு விழுந்தவளைக் கல்லால் அடிக்கிறது. கற்கள் எப்போது வந்தன? இரண்டாவது பத்தியில். பையன்கள் விளையாட்டாகச் சட்டைப்பையில் நிரப்பிக்கொள்கிறார்கள். இது வாசிப்பவர் கண்ணெதிரில் நடக்கிறது, அதனால்தான் முடிவைப் பார்த்து ‘ஏமாற்றிவிட்டார்’ என்று யாரும் நியாயமாகச் சொல்ல முடியாது.

எழுதிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு

முதலில் முடிவை எழுதுங்கள். பிறகு அதைக் காட்டிக்கொடுக்கக்கூடிய மூன்று தகவல்களைத் தனியாக எழுதுங்கள். ஒன்றை முதல் வாக்கியத்திலேயே போட்டு அதற்கு வேறு வேலை கொடுங்கள், ஷோப்பனைப் போல. இன்னொன்றைப் பாத்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் மூன்றாம் மனிதர் ஒருவர் வாயில் வையுங்கள், அந்த நகைக்கடைக்காரரைப் போல. மூன்றாவதைச் சாதாரணமான கேள்வியாக்குங்கள். தமிழில் ஒரு கண்ணி உண்டு: ஒரே ஆளை ஓரிடத்தில் ‘அவர்’ என்றும் இன்னோரிடத்தில் ‘அவன்’ என்றும் எழுதினால் விகுதியே குட்டை உடைத்துவிடும். ஓ ஹென்றியின் போலீஸ்காரரைத் தமிழில் கொண்டுவந்து பாருங்கள், தெரியும்.

எழுதியதை இதுவரை கேட்காத ஒருவரிடம் கொடுங்கள். படித்து முடித்ததும் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்காமல் பென்சிலைக் கொடுத்து, இன்னொரு முறை படித்து உங்கள் மூன்று தடயங்களையும் வட்டம் போடச் சொல்லுங்கள். ஒன்றுமே அகப்படவில்லை என்றால் நீங்கள் மறைத்துவிட்டீர்கள். திரும்பப் போய் ஒன்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். முதல் வாசிப்பிலேயே மூன்றும் அகப்பட்டுவிட்டது என்றால், அந்த இடத்தில் யாரையாவது இன்னும் கொஞ்சம் ஓடவிடுங்கள்.